மூன்று முடிச்சுகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கிய மேடையில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் இந்த அவையில் சிலருக்கேனும் எழக்கூடும். மருந்துக்கு ஓர் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்த நூலைத் தலைமேல் வைத்துப் போற்றும் மொழியில் அந்த ஐயம் நெடுநேரம் நிற்காது. கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஒருமுறை மெல்லப் புரட்டிப் பார்த்தல் தகும். அங்கே குடிப்பவனைப் பெற்ற தாய் வருகிறாள். நாணம் ஒரு நல்ல பெண்ணாக உருவெடுத்து வருகிறது. சான்றோர் வருகின்றனர், மறைந்து குடிப்பவனைப் பார்த்து நகைக்கும் உள்ளூரார் வருகின்றனர். நள்ளிரவில் அவனுக்குக் கதவைத் திறந்துவிடும் மனைவி அந்தப் பத்துக் குறள்களுள் ஒன்றிலும் வரவில்லை. வள்ளுவப் பெருந்தகையின்மேல் குற்றம் காணும் துணிவு இங்கு யாருக்கும் இல்லை. மதுவைக் கடிந்த அறநூல்கள் பலவும் குடிப்பவனை முன்னிறுத்தியே பேசின. அவன் வீடு திரும்பிய பிறகு நடப்பது நூலுக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்தக் கதவைத் திறந்துவிடும் பெண்ணிடமே சென்று, அவளுக்கு என்ன நேர்கிறது என்று கேட்ட சில மருத்துவப் பணிகள் தென்னாப்பிரிக்காவில் இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடந்துள்ளன. எச்.ஐ.வி. தொற்று, போதை, துணைவனின் வன்முறை ஆகிய மூன்றையும் ஒரே பெண்ணின் வாழ்வில் வைத்துப் பார்த்த பணிகள் அவை. அவற்றைப் பற்றியதே இவ்வுரை.

மூன்றையும் இணைத்துப் பார்க்கும் சிந்தனைக்குப் பெயர் தந்தவர் மெரில் சிங்கர் என்னும் அமெரிக்க மருத்துவ மானிடவியலாளர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில், வறுமைப்பட்ட போர்ட்டோரிக்கோ மக்களிடையே பணியாற்றிய அவர், 1996இல் வெளியிட்ட கட்டுரையில், போதைப் பழக்கம், வன்முறை, எய்ட்ஸ் என்பவை தனித்தனிக் கேடுகளாக அங்கு இயங்கவில்லை என்றும், ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் ஒரே கேடாக இயங்குகின்றன என்றும் காட்டினார். மணவறையில் விழும் மூன்று முடிச்சுகளைப் பற்றித் தமிழில் பாட்டுக்கும் கதைக்கும் பஞ்சமில்லை. சிங்கர் காட்டிய மூன்று முடிச்சுகளின் இயல்பு வேறு. ஒன்றை அவிழ்க்கப் போனால் மற்ற இரண்டும் இறுகும்.

தென்னாப்பிரிக்காவில் இம்முடிச்சுகள் எவ்வாறு விழுந்தன என்பதை அறிய, அந்நாட்டு மதுவின் வரலாற்றைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். கேப் மாநிலத்தின் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மட்டமான திராட்சை மதுவாகவே அளக்கும் வழக்கம் பல தலைமுறைகளாக இருந்தது. ‘டொப்’ முறை என்பது அதன் பெயர். 1960களில் சட்டம் அதனைத் தடைசெய்த பின்னரும் பல பண்ணைகளில் அது நெடுங்காலம் தொடர்ந்தது. தாயின் மதுவால் கருவிலேயே பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த அளவில் பதிவாகியுள்ள இடங்களுள் மேற்குக் கேப் மாநிலமும் ஒன்று. கூலியாக அளந்த மது மூன்றாம் தலைமுறையின் மூளையில் வந்து நிற்கிறது.

நேட்டால் பகுதியின் கதை வேறு வகை. ஆப்பிரிக்கக் குடும்பங்களில் சோளத்தை ஊறவைத்து, முளைகட்டி, மது காய்ச்சுவது பெண்களின் கைத்தொழில். விருந்துக்கும் சடங்குக்கும் உரிய அந்த மது, நகரத்துக்கு வந்த பெண்களுக்கு வருவாயும் தந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு டர்பன் நகராட்சி அதைக் காய்ச்சி விற்கும் உரிமையைத் தனக்கே ஆக்கிக்கொண்டது. நகராட்சியே மதுக்கூடம் நடத்தியது. அந்த இலாபத்தைக் கொண்டே கறுப்பின மக்களை அடக்கியாளும் நிருவாகத்தையும் நடத்தியது. ‘டர்பன் முறை’ என்று பெயர் பெற்ற இதனைப் பிற நகரங்களும் பின்பற்றின. வீட்டில் காய்ச்சிய பெண்ணின் பானையைக் காவலர் உடைத்தனர். அவள் கணவனின் கூலியை நகராட்சியின் கூடம் வாங்கிக்கொண்டது. 1959 ஜூன் திங்களில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் கம்புகளோடு மதுக்கூடத்துள் புகுந்து ஆண்களை விரட்டி மதுவைக் கொட்டினர். மதுக்கடையை எதிர்த்துப் பெண்கள் திரள்வது ஏதோ புதிய செய்தி என்று கருதுவோர் அந்த ஜூன் திங்களை நினைவில் கொள்ளலாம். அரசே மது விற்று அந்தப் பணத்தில் ஆட்சி நடத்தும் முறையும் உலகில் ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று என்பது இந்த அவைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவற்றோடு சுரங்கம் சேர்ந்தது. ஆண்டில் பெரும்பகுதி ஆண்கள் மட்டும் அடைந்து வாழும் தொகுப்பு விடுதிகள். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் கணவன். ஊரிலேயே தங்கிவிட்ட மனைவி. நோய் பரவுவதற்கு இதைக் காட்டிலும் ஏற்ற பாதையை யாரும் வகுத்திருக்க முடியாது. 1990இல் தென்னாப்பிரிக்காவின் மகப்பேற்று மருந்தகங்களுக்கு வந்த பெண்களில் எச்.ஐ.வி. உடையோர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 2005இல் அந்த எண் நூற்றுக்கு 30. பதினைந்தே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது.

1998ஆம் ஆண்டு உலக எய்ட்ஸ் நாளையொட்டி, டர்பனை அடுத்த குவாமாஷுவில் வாழ்ந்த குகு டிலமினி என்னும் இளம்பெண் தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார். அம்மாதமே அவர் அக்கம்பக்கத்தாரால் அடித்துக் கொல்லப்பட்டார். அதே டிசம்பரில் ‘சிகிச்சைக்கான செயல் இயக்கம்’ தோன்றியது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1998இல்தான். சட்டம் ஏட்டில் இருந்தது. மருந்து வெளிநாட்டில் இருந்தது. எய்ட்ஸுக்குக் காரணம் இந்தக் கிருமியே என்பதையே ஐயுற்ற தாபோ ம்பெக்கியின் ஆட்சியில் மருந்து மக்களைச் சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைத் தருமாறு 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004இல்தான் தொடங்கியது. ‘உயிர்க்கொல்லி நோய்’ என்று தமிழில் ஒரு பெயர் வழங்குகிறதே, அப்பெயர் அந்த நாட்டில் அந்த ஆண்டுகளில் முழுதும் பொருந்தியது. நாள்தோறும் மருந்துண்டு முதுமை வரை வாழ்வோர் பெருகிவிட்ட பின்னரும் தமிழ் மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் அச்சொல் நீடிப்பது, நோயுற்றோரை அச்சப்பொருளாக்குவதன்றி வேறு பயன் தருவதாகத் தெரியவில்லை.

வன்முறைக்கும் தொற்றுக்கும் உள்ள உறவை ஊகமாக அன்றி அளவையாக நிறுவியவர்களும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களே. சொவெட்டோவின் மகப்பேற்று மருந்தகங்களில் 1,366 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. துணைவனிடம் அடிபட்ட பெண்களிடத்தும், உறவில் அவனுடைய ஆதிக்கத்துக்கு மிகுதியாக உட்பட்ட பெண்களிடத்தும் தொற்று மிகுந்திருந்தது. அடி முந்தியதா, தொற்று முந்தியதா என்று வினவுவோருக்கு 2010இல் விடை கிடைத்தது. ரேச்சல் ஜூக்ஸும் உடன் ஆய்வாளரும் கிழக்குக் கேப் பகுதியில் தொற்றில்லாத இளம்பெண்கள் ஏறத்தாழ 1,100 பேரைத் தொடர்ந்து கண்காணித்தனர். புதிதாக ஏற்பட்ட தொற்றுகளில் நூற்றுக்கு 12 அளவு, துணைவனின் வன்முறை இல்லாதிருந்தால் நேர்ந்திரா என்பது அவர்களின் கணக்கு. உறவில் நிலவிய ஏற்றத்தாழ்வைத் தனியே கணக்கிட்டால் அது நூற்றுக்கு 14ஐ ஒட்டியது. அடிக்கும் கை நேரே நோயைத் தருவதில்லை. அடிக்கு அஞ்சும் பெண் உறை அணியச் சொல்லி வாய் திறப்பதில்லை; பரிசோதனைக்குப் போவதில்லை; மருந்தை வீட்டில் வைப்பதில்லை. வலியை மறக்கக் குடிக்கத் தொடங்கினால், தன்னைக் காத்துக்கொள்ளும் தெளிவையும் அவள் இழக்கிறாள். 1999ஆம் ஆண்டு நிலவரப்படி தென்னாப்பிரிக்காவில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு பெண் தன் துணைவனால் கொல்லப்பட்டாள் என்பதையும் சேர்த்து நோக்கினால், அந்த அச்சத்தை வீண் அச்சம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

இந்த நிலையில் வந்தது ‘பெண்கள் நலக் கூட்டுறவு’ என்னும் பணி. வெண்டி வெக்ஸ்பெர்க் என்னும் ஆய்வாளர் வட கரோலினாவில், கிராக் கோக்கெய்ன் பழக்கத்துக்கு ஆளான ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களுக்காக 1990களின் பிற்பகுதியில் வகுத்த முறை அது. 2001 முதல் பிரிட்டோரியாவில் அதனைத் தென்னாப்பிரிக்கப் பெண்களுக்கேற்ப மாற்றி அமைத்தனர். பாலியல் தொழிலில் இருந்தோரும் போதைப் பழக்கம் உடையோரும் அதில் முதலில் இடம்பெற்றனர்.

அதன் செயல்முறை மிக எளியது. ஏறத்தாழ ஒரு மணி நேர அளவில் இரண்டு அமர்வுகள். நடத்துபவர் அந்தப் பகுதியின் மொழி பேசும் பெண். போதை உடலில் என்ன செய்கிறது, தொற்று எவ்வாறு வருகிறது, ஆணுறையையும் பெண்ணுறையையும் எவ்வாறு பயன்படுத்துவது என்பன சொல்லப்பட்டன. மாதிரி உருவில் கையால் செய்து பழகவும் வேண்டும். பிறகு அமர்வின் உயிரான பகுதி வரும். உறை வேண்டாம் என்று ஆண் மறுத்தால் என்ன சொல்வது என்பதைப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசி ஒத்திகை பார்ப்பர். சினம் ஏறுவதைக் காட்டும் அடையாளங்கள் எவை, எப்போது அறையை விட்டு வெளியேறுவது, எங்கே அடைக்கலம் கிடைக்கும் என்பவற்றையும் பேசுவர். இறுதியில் ஒவ்வொருத்தியும் தனக்கென ஓர் இலக்கை வகுத்துக்கொள்வாள். அது சிறிய இலக்காக இருக்கலாம். உதவி நிலையங்களின் முகவரியோடு அவள் வீடு செல்வாள்.

இரண்டு மணி நேரப் பேச்சு ஒரு வாழ்க்கையை மாற்றிவிடுமா என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். கேப்டவுனில் 720 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. அவர்களில் பலர் ‘டிக்’ என்று அங்கு வழங்கும் மெத்தாம்ஃபெட்டமினுக்கு அடிமைப்பட்டவர்கள். ஒரு பிரிவினருக்கு இந்த அமர்வுகள். இன்னொரு பிரிவினருக்கு ஊட்டச்சத்துப் பற்றிய அறிவுரை. மூன்றாம் பிரிவினருக்குப் பரிசோதனையும் அதனைச் சார்ந்த ஆலோசனையும் மட்டும். ஓராண்டுக்குப் பின் முதற்பிரிவில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் போதையிலிருந்து விலகி நின்றனர். மற்ற இரு பிரிவுகளிலும் அது 17 முதல் 20 விழுக்காடு வரை. இந்த எண்களைப் பெருவெற்றி என்று கொண்டாடுவது நேர்மையாகாது. முதற்பிரிவிலும் நால்வரில் மூவர் ஓராண்டு கழித்தும் போதையிலேயே இருந்தனர். ஆயினும் வேலையும் பாதுகாப்பான வீடும் இல்லாத பெண்களிடம், செலவு குறைந்த இரண்டு அமர்வுகளால் இத்துணை மாற்றம் வந்தது என்பதும் உண்மையே. இரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதில் பிழையொன்றும் இல்லை.

போதைப் பழக்கம் உள்ள பெண்களை முன்னிறுத்தியது இந்தப் பணி என்றால், வறுமையை முன்னிறுத்தியது லிம்ப்போப்போ மாநிலத்தில் நடந்த ‘இமேஜ்’ திட்டம். 2001 முதல் 2005 வரை சேக்குக்குனே நிலப்பகுதியின் எட்டு ஊர்களில் அந்த ஆய்வு நடந்தது. நான்கு ஊர்களில் முதலில் தொடங்கினர். நான்கு ஊர்களை ஒப்பீட்டுக்கு வைத்தனர். ஜூலியா கிம், பால் புரோனிக் முதலிய ஆய்வாளரோடு, ஏழைப் பெண்களுக்குச் சிறுகடன் வழங்கும் ஓர் அமைப்பும் இணைந்தது. ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு. பழம், காய்கறி, பழைய துணி விற்பது, தையல் என்று சிறு வணிகங்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கண்டவர்களுக்கு இதில் புதுமை ஏதும் தோன்றாது. புதுமை, தவணை கட்டக் கூடும் அதே கூட்டத்தில் ‘வாழ்வுக்கான சகோதரிகள்’ என்ற பெயரில் நடந்த பத்து வகுப்புகளில் இருந்தது. கடனுக்காக வந்த பெண் வகுப்பிலும் அமர்ந்தாள். நோய், குடும்ப வன்முறை என்று எழுதி ஒட்டிய தனிக் கூட்டத்துக்கு அவள் வந்திருப்பாளா என்பது ஐயமே.

இலக்கிய அன்பர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இங்கு உண்டு. அந்தப் பத்து வகுப்புகளில் எச்.ஐ.வி. தொடக்கத்திலேயே வந்துவிடவில்லை. தொடக்கத்தில் வந்தவை திருமணப் பாட்டுகளும் பழமொழிகளும். மணமகளுக்குப் பெண்களே பாடும் பாட்டில் அவளுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது, ஆணும் பெண்ணும் எவ்வாறு மதிக்கப்படுகின்றனர் என்பதை அவர்களே எடுத்துப் பார்த்தனர். பாடியவர்கள் தாய்மார், கேட்டவர்கள் மகள்மார், இருசாராரும் அங்கு இருந்தனர். ‘கல்லானாலும் கணவன்’ என்று தொடங்கும் பழமொழியைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்த எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் அந்த வகுப்பில் நடந்தது விளங்கும். பழமொழியை யாரும் தடை செய்யவில்லை; பாட்டை நிறுத்தச் சொல்லவுமில்லை. சொல்லிக்கொண்டிருப்பது இன்னதென்று தெரிந்து சொல்லும் நிலை வந்தது. நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்து அச்சேற்றுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் ஆய்வுலகத்துக்கு, வழக்காற்றை வழங்குபவர்களிடமே திருப்பிக் கொடுத்து எண்ணிப் பார்க்கச் செய்த இம்முறை பாடமாக அமையும்.

2006இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளிவந்தது. திட்டத்தில் சேர்ந்த பெண்களிடையே, முந்தைய ஓராண்டில் துணைவனின் வன்முறைக்கு ஆளாகும் நிலை 55 விழுக்காடு குறைந்திருந்தது. கடன் திரும்பியதோ நூற்றுக்கு 99க்கும் மேல். ஆனால் அவ்வூர்களின் இளைஞரிடையே எச்.ஐ.வி. தொற்று குறையவில்லை. கடன் வாங்கிய பெண்கள் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டியவர்கள். தொற்று புதிதாகப் பரவியதோ அவர்களின் பிள்ளைகள் வயதினரிடம். தாய் பெற்ற துணிவு மகளின் உடலைச் சேர இரண்டு மூன்று ஆண்டுகள் போதவில்லை. திட்டத்திலேயே இருந்த இளம்பெண்களிடம் பரிசோதனைக்குச் செல்வதும் பாதுகாப்பான உறவும் கூடியிருந்தன என்பதைப் பின்னர் வந்த கட்டுரை காட்டியது.

அடிக்கும் ஆண்களை விட்டுவிட்டு அடிபடும் பெண்களுக்கே பாடம் நடத்துவது எவ்வகை நியாயம் என்ற கேள்வி இப்பணிகளைத் தொடர்ந்தே வந்தது. கேள்வி முறையானது. கேப்டவுனை அடுத்த கயலிட்சாவில் பின்னர் நடந்த பணியில், மதுக்கடைகளுக்கு வரும் ஆண்களை அணுகி, இணையரை ஒருங்கே அமர்த்திப் பேசினர். உகண்டாவின் கம்பாலா நகரில் ‘சாசா’ என்னும் இயக்கம் ஊர் முழுவதையும் இறக்கிவிட்டது. சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்கு ‘இப்போதே’ என்பது பொருள். அண்டை வீட்டாரே தொண்டராகி அண்டை வீட்டாரோடு பேசினர்.

பெண்ணின் கையிலேயே, அவனைக் கேளாமலே பயன்படுத்தத்தக்க மருந்து ஒன்று வேண்டும் என்ற தேடலும் ஒருபுறம் நடந்தது. டர்பனைச் சேர்ந்த குரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் ஆகியோரின் குழு, 889 பெண்களிடம் சோதித்த களிம்பு தொற்றை 39 விழுக்காடு குறைத்தது என்று 2010 ஜூலையில் வியன்னா மாநாட்டில் அறிவித்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. நாள்தோறும் உண்ணும் தடுப்பு மாத்திரையும் ஆப்பிரிக்கப் பெண்களிடம் முதலில் தோற்றது. மாத்திரையில் குறையில்லை. புட்டியைக் கண்ட கணவன், அவளுக்கு நோய் வந்துவிட்டது என்றோ அவளுக்கு வேறு தொடர்பு உண்டு என்றோ எண்ணுவான். அதனால் மாத்திரை புட்டியிலேயே கிடந்தது. ஆய்வாளரிடம் மட்டும் உண்டதாகச் சொன்னார்கள். குருதி வேறு சொல்லியது.

ஆறு திங்களுக்கு ஒருமுறை போடும் லெனாகபவிர் ஊசி இந்த இடரைக் கடந்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகண்டாவிலும் அந்த ஊசியைப் பெற்ற 2,134 இளம்பெண்களுள் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை என்ற முடிவு 2024இல் வெளியாயிற்று. வீட்டில் ஒளித்து வைக்க ஏதுமில்லை. புட்டி இல்லை, ஓசை இல்லை. 2025 அக்டோபரில் தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதற்கு ஒப்புதல் அளித்தது.

ஆயினும் அதே 2025ஆம் ஆண்டின் ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. தென்னாப்பிரிக்காவில் அப்பணத்தைக் கொண்டு நடந்த நலநிலையங்கள் பல மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பணியாளர் வேலை இழந்தனர். ஊசிக்கு ஆண்டில் இரண்டு முறை ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். எங்கே போனாய் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது, அன்று அவன் குடித்திருந்தால் எந்த வீட்டுக்குப் போய்த் தங்குவது என்பவற்றை அவளோடு உட்கார்ந்து பேசியவர்கள், அவ்வாறு வேலை இழந்தவர்களுள் இருந்தனர்.